சௌனாவுக்கு நானே செய்த மரக்கதவு: சில குளிர்காலங்கள் தாண்டிய பிறகு

பின்லாந்தில் ஏறக்குறைய 55 லட்சம் பேருக்கு 30 லட்சம் சௌனா, அதாவது அடுப்பால் சூடேற்றும் வியர்வைக் குளியல் அறை, இருக்கிறது. ஆகவே ரெடிமேட் சௌனாக் கதவுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. 7×19 என்று போட்ட கண்ணாடிக் கதவை எந்தக் கட்டுமானப் பொருள் கடையிலும் வாங்கலாம். அளவு டெசிமீட்டரில், நிலையின் வெளியளவு 690க்கு 1890 மி.மீ. என்று அர்த்தம். ஆனால் எஸ்போ நகரில் நாங்கள் இருக்கும் வீடு 1970களில் கட்டியது. சுவரில் விட்டிருந்த வாசல் 7×19ஐ விடக் குறுகல், உயரமும் கம்மி. வாசலைப் பெரிதாக்க வேண்டுமென்றால் சுவருக்குள் ஓடும் அலுமினியத் தாள், குளியலறைப் பக்கத்து நீர்த்தடுப்பு எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் செய்யவேண்டும். அதற்கு வாசல் அளவுக்குக் கதவையே செய்துவிடலாம் என்று 2021 கோடையில் இறங்கினேன்.

மரக்கதவு போட்டால் கரண்டு மிச்சமாகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆகாது. என் கதவின் பரப்பு சுமார் 1.1 சதுர மீட்டர். உள்ளே 80 டிகிரி, குளியலறையில் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 8 மி.மீ. கண்ணாடி வழியாக 370 வாட் அளவுக்கு வெளியேறும்; 20 மி.மீ. பலகை வழியாக அதில் ஏறக்குறைய பாதி. ஒரு மணி நேரத்துக்கு 0.2 யூனிட்கூட வித்தியாசம் வராது. 6 கிலோவாட் அடுப்பு ஓடுகிற இடத்தில் இதெல்லாம் ஒரு கணக்கா? போதாததற்கு, கதவின் கீழ்ப்பாதிப் பக்கம் 80 டிகிரி எட்டுவதே இல்லை. நான் மரத்துக்குப் போனது வேறு காரணத்துக்கு. கண்ணாடிக் கதவின் வெளிமுகம் மேல்பாதியில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், குளியலறையிலோ சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அப்புறம், சோப்புக் கறையைத் தினம் துடைக்கும் பொறுமை எனக்கு இல்லை.

சௌனாக் கதவு படுகிற பாடு சூட்டால் மட்டும் வருவதல்ல. அடுப்பு எரியும்போது உள்பக்கக் காற்றின் ஈரப்பதம் 10 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் காற்றில் நீண்ட நேரம் கிடக்கும் மரத்தின் ஈரம் 2 சதவீதத்தை நோக்கிப் போகும். அதே நேரத்தில் கதவின் மறுமுகத்தில் ஷவர் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே மரத்தின் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டப் பார்க்கும். ஒரே பலகை, முன்னும் பின்னும் இரண்டு பருவம். ஊரில் ஐப்பசி மழையில் மரக்கதவு உப்பி நிலையில் பிடித்துக்கொள்ளுமே, அது வருடத்துக்கு ஒருமுறை நடப்பது. இங்கே ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் நடக்கிறது.

மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு. சுருங்குவதும் உப்புவதும் அகலவாக்கில்தான். 60 செ.மீ. அகலத்துக்குப் பலகைகளை ஒட்டி ஒரே தட்டாகக் கதவு செய்தால், 10 சதவீத ஈர மாற்றத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருக்கும். உள்முகம் மட்டும் காயும்போது தட்டு அந்தப் பக்கமாகக் குழிந்து நிலையை விட்டு விலகி நிற்கும். அதனால் நம் ஆசாரிகள் காலங்காலமாகச் செய்கிற முறைக்கே போனேன்: இரண்டு நெடுஞ்சட்டம், மூன்று குறுக்குச் சட்டம், கழுந்தும் துளையுமாக (ஒன்றின் முளை இன்னொன்றின் துளைக்குள்) இணைப்பு, சட்டத்துக்கு உள்ளே காடி என்கிற நீளப் பள்ளம், காடிக்குள் ஒட்டாமல் நிற்கும் பலகைகள். அகலவாக்கு அசைவு முழுவதும் காடிக்குள்ளேயே முடிந்துவிடும். சட்டத்தின் அகலம் 95 மி.மீ.தான், அது அசைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மேல் கட்டத்தில் மட்டும் ஒரு சின்ன டெம்பர்டு கண்ணாடி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு.

சட்டத்துக்குக் கருப்பு ஆல்டர் எடுத்தேன், இங்கே தெர்வலெப்பா என்பார்கள். பிசின் வராது, லேசான செம்மண் நிறம், இழைப்புளிக்கு வெண்ணெய் போல வழிவிடும். பைன் மலிவுதான், ஆனால் கணுவிலிருந்து சூட்டில் பிசின் கசியும். தெரியாமல் முதுகு பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பலகைகளுக்குத் தெர்மோ ஆஸ்பென். மரத்தை 180 டிகிரிக்கு மேல், நீராவியில், ரசாயனம் எதுவும் சேர்க்காமல் வாட்டி எடுப்பது. அதன் பிறகு அது ஈரம் இழுப்பது பெருமளவு குறைந்துவிடும். அசைவும் அதற்கேற்பக் குறையும். பழுப்பு நிறம் உள்வரை ஓடியிருப்பதால், குளிர்காலத்தில் பலகைகள் சுருங்கி, அவற்றை ஒன்றோடொன்று கோக்கும் நாக்கு வெளியே தெரிந்தாலும் வெள்ளைக் கோடு விழுவதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். தெர்மோ மரம் நொறுங்கும் மரம். முன்துளை போடாமல் ஓரத்தில் திருகு இறக்கினால் பிளந்துவிடும். பிள்ளைகள் காலால் தள்ளித் திறந்ததில் கீழ்க்கட்டத்தில் ஒரு பலகையின் விளிம்பு சில்லாகப் பெயர்ந்திருக்கிறது. சட்டத்துக்கு அதைப் பயன்படுத்தாததில் எனக்கு இன்றுவரை திருப்தி. முதல் சில மாதங்கள் கருகிய மரத்தின் வாசனை வேறு. எனக்குப் பிடித்தது, வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை.

பசை விஷயத்தில் சிக்கனம் கூடாது. சாதாரண வெள்ளைப் பசை சூட்டில் இளகிவிடும். தண்ணீர் தாங்க டி4 தரமும், 80 டிகிரிச் சூட்டில் பிடிப்பைச் சோதிக்கும் வாட் 91 (WATT 91) என்ற சான்றும் இரண்டும் உள்ள பாலியுரித்தேன் பசையைப் பாருங்கள். டி4 மட்டும் போட்டிருந்தால் அது தண்ணீருக்கான உத்தரவாதம், சூட்டுக்கு அல்ல. என் மூலை இணைப்புகளில் இதுவரை மயிரிழை விரிசல்கூட இல்லை. திருகுகள் எல்லாம் ஸ்டெயின்லெஸ். உள்முகத்தில் தலைகளைப் புதைத்து மேலே மரக்குமிழ் அடைத்துவிட்டேன், சூடேறிய திருகுத்தலை தோளில் பட்டால் கொப்புளம்தான்.

கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், தாழ்ப்பாளோ பூட்டோ கூடவே கூடாது. உள்ளே ஒருவருக்கு மயக்கம் வந்தால் உடம்பால் சாய்ந்தாலே திறக்க வேண்டும். ஆகவே உருளைக் கொண்டி போட்டிருக்கிறேன். காந்தம் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும். காந்தம்தான் வேண்டுமென்றால் ஃபெர்ரைட் வகை எடுத்துக் கதவின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். உருளைக் கொண்டியில் ஸ்பிரிங் ஒருமுறை தளர்ந்தது, திருகி இறுக்கினேன், அவ்வளவுதான்.

கைப்பிடி இரண்டு பக்கமும் ஆல்டர். கை பட்டுப் பட்டு இப்போது வழவழவென்று கறுத்திருக்கிறது. கதவிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

கதவுக்கும் நிலைக்கும் நடுவே 2 மி.மீ. சந்து விடுவதாக இருந்தேன். ஓய்வு பெற்ற தச்சரான பக்கத்து வீட்டுப் பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, நாலு மி.மீ.யாவது விடு என்றார். விட்டேன். கதவு இதுவரை ஒருநாளும் இறுகவில்லை. கீழே விட்ட இடைவெளியோ 10 செ.மீ. எங்கள் வீட்டில் காற்றை உறிஞ்சும் துவாரம் குளியலறையில் இருக்கிறது. அப்படி இருந்தால் கதவுக்குக் கீழே குறைந்தது 100 மி.மீ. விடச் சொல்லி அடுப்புத் தயாரிப்பாளரின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. சூடான காற்று மேலேதான் நிற்கும், தரையோரம் போவது பெரும்பாலும் குளிர்ந்த, பழைய காற்று. குளித்து முடித்த பிறகு அறை காய்வதும் இந்தச் சந்தால்தான். வீடியோ அழைப்பில் கதவைப் பார்த்த அம்மா முதலில் கேட்டது, "ஏன்டா, இவ்வளவு சந்து விட்டா பாம்பு, பூரான் வராதா?" பிப்ரவரி மாதம், வெளியே மைனஸ் 18.

மெருகுக்கு வார்னிஷ் வேண்டாம். சூட்டில் உரியும், வாடையும் அடிக்கும். உள்முகத்தை வெறும் மரமாகவே விட்டிருக்கிறேன். குளியலறை முகத்துக்கு மட்டும் சௌனா மெழுகு, வருடத்துக்கு ஒரு தடவை. அரை மணி நேர வேலை.

இத்தனைக்கும் அசையாத கதவில் தேய்ந்துபோன இடம் ஒன்று உண்டு: அடி. நெடுஞ்சட்டங்களின் கீழ் முனைகளில் மரத்தின் நரம்பு திறந்து கிடக்கிறது. ஷவர் தண்ணீர் தெறிக்கும்போது உறிஞ்சு குழாய் மாதிரி இழுக்கும். மெழுகு பூசியும் கீழ்ச்சட்டத்தில் மூன்று விரல் உயரத்துக்குக் கறுப்புக் கறை ஏறியிருக்கிறது. தேய்த்தால் பாதி போகும், மீதி உள்ளே இறங்கிவிட்டது. மரம் இன்னும் மெத்துப்போகவில்லை, உளி முனையால் குத்திப் பார்த்தேன், கெட்டியாகவே இருக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் அடி விளிம்பைச் சரிவாக இழைத்து, அந்த முனைகளில் பசையையே மெல்லப் பூசி அடைத்துவிடுங்கள்.

கீழ்ச்சட்டத்தின் கழுந்துகளை மட்டும் ஒட்டாமல் மரக்குச்சியால் அறைந்து வைத்திருக்கிறேன். அதுவும் பெரியவர் சொன்னதுதான். குச்சியைத் தட்டி எடுத்தால் சட்டம் கழன்று வந்துவிடும். வருகிற ஜூலையில் கதவைக் கீலிலிருந்து தூக்கி இறக்கி, அந்த ஒரு சட்டத்தை மாற்றுவதாக இருக்கிறேன். நெடுஞ்சட்ட முனைகளை அதே சமயம் இரண்டு விரல் அளவு அறுத்துவிட்டு அடைக்கலாம். சந்து கொஞ்சம் கூடும், அம்மாவிடம் சொல்லப் போவதில்லை.