தனித்திருக்கப் பாறையா, மலையா?

குமரி மாவட்டத்தில் தனித்திருக்க இரண்டு இடங்கள்: விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த பாறை, நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை உள்ள மருந்துவாழ் மலை.

பாறையில் 1970 முதல் நினைவு மண்டபம் இருக்கிறது. தியான மண்டபத்தின் அரையிருட்டில் மனம் சீக்கிரம் அடங்கும். ஆனால் கரை திரும்பும் படகின் நினைப்பு உறுத்திக்கொண்டே இருக்கும், கூட்டமும் விடாது.

மலைக்கு வெயில் ஏறுமுன் கிளம்ப வேண்டும். மூச்சு வாங்க ஏறும்போதே, யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்த மனக்குரல் ஓய்ந்துவிடும். குகைக்குள் குனிந்து நுழைந்து, குளிர்ந்த கல்லில் முதுகு சாய்த்து உட்கார்ந்தால், எதற்குப் பயப்படுகிறோம், எதையெல்லாம் ஊர் மெச்சுவதற்காகவே செய்கிறோம் என்பது ஒவ்வொன்றாகத் தெரியவரும். அது இதமாக இருக்காது. அதற்காகவே நான் மலையைத்தான் சொல்வேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பாறையே போதும். கூட்டம் குறைந்த வேலைநாளில், காலையிலேயே போய்விடுங்கள்.