பிராக்கா, வியன்னாவா? மூன்று நாள் மட்டும் கையில் இருந்தால்

வேலை விஷயமாகவோ சொந்தக்காரர் வீட்டுக்கோ ஐரோப்பா போகிறவர்களுக்கு நடுவில் மூன்று நாள் ஓய்வு கிடைப்பதுண்டு. பழைய தலைநகரம் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று தேடினால் செக் நாட்டின் பிராக், ஆஸ்திரியாவின் வியன்னா, ஹங்கேரியின் புடாபெஸ்ட் மூன்றும் சேர்ந்தே கண்ணில் படும். மூன்றுமே ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியில் இருந்தவை. படங்களில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பிராக்கின் அழகு தெருவிலேயே கிடக்கிறது. வியன்னாவில் பாதிக்கு மேல் கட்டடங்களுக்குள், டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டியது. எந்த மாதம் போகிறீர்கள், கூட யார் வருகிறார்கள் என்று யோசித்தால் தேர்வு பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

பிராக் இரண்டாம் உலகப் போரின் பெரிய அழிவிலிருந்து தப்பிய ஊர். அதனால் கோதிக், பரோக், ஆர்ட் நூவோ என்று வெவ்வேறு காலத்துப் பாணிக் கட்டடங்கள் எல்லாம் ஒரே தெருவில் வரிசையாக நிற்கும். 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் நடக்கக் காசு கிடையாது. கோட்டை வளாகத்துக்குள் நுழையவும் கிடையாது. உள்ளே இருக்கும் தேவாலயம், பழைய அரண்மனை ஆகியவற்றைச் சுற்றிப் பார்க்கத்தான் டிக்கெட். அந்த செயின்ட் வைடஸ் தேவாலயத்துக்கு 1344இல் அடிக்கல் நாட்டி, 1929இல்தான் வேலையை முடித்தார்கள். கோட்டைக்கு ஆற்றங்கரையிலிருந்து ஏறாதீர்கள். 22ஆம் எண் டிராமில் மேலே போய் இறங்கி, கோட்டையைப் பார்த்துவிட்டு நடந்தே கீழே வந்தால் முட்டி பிழைக்கும்.

கூட்டம்தான் பிராக்கின் பெரிய தொல்லை. பகல் பதினொரு மணிக்குப் பாலத்தில் நின்றால் சிலைகளைவிடச் செல்ஃபி குச்சிகள்தான் அதிகம் தெரியும். ஏழு மணிக்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் இரவில் போங்கள். 1410இல் நிறுவிய வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரும். அதற்காக அரை மணி நேரம் கழுத்தை நிமிர்த்தி நிற்பார்கள், காட்சி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. சூரியன், சந்திரன், ராசிகளைக் காட்டும் அதன் முகப்புதான் உண்மையான அதிசயம், அதைக் கூட்டமில்லாத நேரத்தில் நின்று பாருங்கள். அப்புறம் பணம். செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனாதான். பழைய நகரத்தில் 'கமிஷன் இல்லை' என்று பலகை வைத்த நாணய மாற்றுக் கடைகளில் கமிஷனை விகிதத்திலேயே ஒளித்து வைத்திருப்பார்கள். கார்டு எங்கும் செல்லும், அது போதும். தெருவெங்கும் சுருட்டிச் சுட்டு விற்கும் த்ரெடெல்னிக், பிராக்கின் பாரம்பரியப் பலகாரம் என்று சொன்னால் நம்ப வேண்டாம், சுற்றுலாவோடு வந்தது.

வியன்னா வேறு மாதிரி. 1857இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் நகரத்தின் பழைய மதிலை இடிக்கச் சொல்லி, அந்த இடத்தில் ரிங் சாலையைப் போட வைத்தார். ஓபரா, நாடாளுமன்றம், அருங்காட்சியகங்கள் எல்லாம் அதை ஒட்டியே இருப்பதால் டிராமில் உட்கார்ந்தபடி பாதி ஊரைப் பார்த்துவிடலாம். தெரு சமதளம், மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. வயதான அப்பா அம்மாவோ தள்ளுவண்டிக் குழந்தையோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், வியன்னாதான். கல் பாவிய பிராக் தெருக்களில் அவர்கள் படும் பாடு மற்ற எல்லாவற்றையும் மறக்கடித்துவிடும்.

ஆனால் வியன்னாவில் எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஷோன்ப்ருன், ஹோஃப்பர்க், பெல்வெடேர் என்று மூன்று அரண்மனைக்கும் டிக்கெட் வாங்கினால் இரண்டாம் நாள் மாலையே தங்க முலாம் சலித்துவிடும். என்னைக் கேட்டால் ஷோன்ப்ருனில் தோட்டம் மட்டும் போதும், அதற்குக் கட்டணமும் இல்லை. மிச்சமாகும் நேரத்தைக் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ப்ரூகலின் ஓவியங்கள் உலகிலேயே அதிகம் இருப்பது அங்கேதான். அவருடைய 'பாபேல் கோபுரம்' ஓவியத்தின் முன்னால் நின்று ஒவ்வொரு கொத்தனாராகப் பார்க்க ஆரம்பித்தால் மணி போவது தெரியாது. கிளிம்ட் வரைந்த 'முத்தம்' ஓவியத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் பெல்வெடேர்.

மாலையில் அரசு ஓபராவில் நின்று பார்ப்பதற்கான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் நிகழ்ச்சிகள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், தண்ணீர் பாட்டில்கூடத் தேட வேண்டும். நல்லவேளை, குழாய்த் தண்ணீரே ஆல்ப்ஸ் மலையிலிருந்து வருகிறது.

சாப்பாடு? சைவம் மட்டும் என்பவர்களுக்கு வியன்னாவில் தேர்வு அதிகம். பிராக்கில் வறுத்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் திரும்பத் திரும்ப வரும். செலவில் வியன்னாதான் கூடுதல், குறிப்பாகத் தங்குமிடத்தில்.

டிசம்பர், ஜனவரி என்றால் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போது உள்ளே இருந்து பார்க்க நிறைய உள்ள வியன்னா பிழைத்துக்கொள்ளும், பிராக் கஷ்டம். ஏப்ரல், மே, செப்டம்பரில், நன்றாக நடக்கக்கூடிய இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் பிராக்.

சரி, புடாபெஸ்ட்? மூன்றில் இரவு அழகு அதற்குத்தான். டான்யூப் ஆற்றின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் விளக்கேற்றிய நாடாளுமன்றத்தைப் பார்ப்பதற்கு ஈடாக மற்ற இரண்டு ஊரிலும் எதுவும் இல்லை. 1896இல் ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ பாதையில் ஏறினால் செச்செனி வெந்நீர்க் குளியலுக்கே கொண்டுபோய் விடும். லாங்கோஷ் என்று ஒன்று விற்பார்கள். நம் பூரியை அகலமாக்கி மேலே பூண்டும் பாலாடைக்கட்டியும் போட்ட மாதிரி இருக்கும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் மட்டும் மற்ற இரண்டைவிடச் சிறியது.

இரண்டு ஊரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தால் வியன்னாவையும் புடாபெஸ்டையும் சேருங்கள், ரயிலில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். வியன்னா–பிராக் நான்கு மணி நேரம் எடுக்கும், மூன்று நாள் பயணத்தில் அது அரை நாள் இழப்பு. மூன்று நாடுகளுக்கும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.