மார்னா, ஈப்ரா? முதலில் எதைப் படிப்பது

முதல் உலகப் போரின் பதுங்குகுழிக் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு இரண்டு வழி: பிரான்ஸின் மார்ன் ஆற்றருகே நடந்த மார்ன் சண்டை, பெல்ஜியத்தின் ஈப்ர் ஊரருகே நடந்த முதலாம் ஈப்ர் சண்டை. இரண்டும் 1914.

காலம்:
மார்ன் – செப்டம்பர் தொடக்கம், சில நாட்கள்தான்.
ஈப்ர் – அக்டோபர் 19 முதல் நவம்பர் 22 வரை.
(நடுவில், செப்டம்பர் 22 அன்றுதான் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது.)

நகர்வு:
மார்ன் – முழுக்க ஓட்டம். குளுக், பியூலோ என்ற இரு தளபதிகளின் ஜெர்மன் படைகளுக்கு நடுவே இடைவெளி விழ, பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் அதில் நுழைந்தன. பாரிஸ் டாக்சிகள் சிப்பாய்களை ஏற்றிப்போன கதை சுவையானது. ஆனால் வெற்றியைத் தீர்மானித்தது அதுவல்ல.
ஈப்ர் – நகர இடமே இல்லை.

குழிகள்:
மார்ன் – சண்டையில் பெரிதாக இல்லை. பின்வாங்கிய ஜெர்மானியர்கள் எய்ன் ஆற்றின் வடகரை மேட்டில் தோண்டியதுதான் ஆரம்பம்.
ஈப்ர் – இங்கேதான் விஷயம். பெல்ஜியத்தின் அந்தத் தாழ்நிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதனால் பல இடங்களில் மண்மூட்டைகளை அடுக்கி மேலே சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. அப்புறம், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் லாகூர் டிவிஷன் வந்து இறங்கியதும் இந்த முனைக்குத்தான். அக்டோபர் 31 அன்று ஹொல்லபெக்கேயில் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கிய அதன் சிப்பாய் குதாதாத் கான், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார்.

தளபதிகளின் கணக்கும் பிழையும் பிடிக்கும் என்றால் மார்ன். சிப்பாய் சேற்றில் எப்படி வாழ்ந்தான் என்று தெரிய வேண்டுமானால் ஈப்ர். என்னைக் கேட்டால், சரி, ஈப்ரிலிருந்தே தொடங்குங்கள்.