யூதரும் அரபியரும் சேர்ந்து ஏசாயாவைத் திறக்கும்போது: ‘ஒன் ஃபார் இஸ்ரேல்’ ஊழியம் பற்றிய மதிப்புரை

இஸ்ரேலின் மத்தியதரைக் கடற்கரை நகரமான நெத்தன்யாவிலிருந்து இயங்கும் ‘ஒன் ஃபார் இஸ்ரேல்’ ஊழியம் இரண்டு பணிகளைத் தன் அடையாளமாகக் கொண்டிருக்கிறது. எபிரேய வேதாகமத்தின் மேசியாவைக் குறித்த தீர்க்கதரிசனங்கள் இயேசுவில் நிறைவேறின என்பதை யூத மக்களுக்கு அவர்களுடைய எபிரேய மொழியிலேயே எடுத்துரைப்பது ஒன்று. அந்த விசுவாசத்துக்கு வந்த யூதரையும், அதே நாட்டில் வாழும் அரபுக் கிறிஸ்தவரையும் ஒரே சரீரமாக நிற்கச் செய்வது மற்றொன்று. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் காணொளிகள், கட்டுரைகள், இரு சமூகத்தாரும் சேர்ந்து பயிலும் இஸ்ரேல் வேதாகமக் கல்லூரி ஆகியவை இவர்களுடைய கருவிகள். இவர்களுடைய காணொளிகளை ஆங்கில எழுத்துரையோடு தொடர்ந்து பார்த்தும், கட்டுரைகளை வேதபாட வகுப்புக்குப் பயன்படுத்தியும் வருகிறவன் என்ற முறையில், தமிழ்ச் சபைகளில் வேதத்தைக் கருத்தோடு படிக்கிறவர்களுக்கு இவை எந்த அளவுக்கு உதவும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

நம்முடைய கன்வென்ஷன் கூட்டங்களில் தீர்க்கதரிசனச் செய்தி என்று அறிவிக்கப்பட்டால், பெரும்பாலும் அந்திக்கிறிஸ்துவும் மூன்றாம் ஆலயமும் உலகச் செய்திகளின் தலைப்புகளும்தான் பேசப்படும். வருங்காலத்தைப் பற்றிய போதனை இந்த ஊழியத்திலும் இல்லாமல் இல்லை. ஆனால் இவர்கள் தங்கள் பலத்தை வைத்திருக்கும் இடம், ஏற்கெனவே நிறைவேறியது எது என்ற கேள்வி. இயேசு எம்மாவு வழியில் சீஷருக்கு விளக்கிக்காட்டியதும், பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் ஏறி உட்கார்ந்து தொடங்கியதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் என்பதால், இந்த வரிசைமுறையே சரியானது என்பது என் உறுதியான எண்ணம்.

பிலிப்பு தொடங்கிய அதே ஏசாயா 53ஆம் அதிகாரம் இந்த ஊழியத்தின் போதனைக்கும் இருதயம். இவர்கள் அதைக் கையாளும் முறையில் இரண்டு சிறப்புகள் உண்டு. முதலாவது, வசனத்தைத் துண்டுதுண்டாக எடுக்காமல், 52ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனத்திலிருந்தே தொடங்குகிறார்கள்; கர்த்தரின் ஊழியனாக ஏசாயா காட்டும் ‘தாசன்’ உயர்த்தப்படுவதில் ஆரம்பித்து, அவன் அசட்டைபண்ணப்பட்டு, நொறுக்கப்பட்டு, அநேகருடைய பாவத்தைச் சுமந்து, மீண்டும் மேன்மையில் முடிகிற முழு ஓட்டத்தையும் கேட்பவர் காண முடிகிறது. இரண்டாவது, இந்தப் பகுதி கிறிஸ்தவர்கள் பின்னாளில் எழுதிச் சேர்த்ததாக இருக்க முடியாது என்பதற்குச் சாக்கடல் அருகே கும்ரானில் 1947இல் கண்டெடுக்கப்பட்ட ஏசாயா சுருளைச் சான்றாக வைக்க முடிகிறது. ஏறத்தாழ 7.3 மீட்டர் நீளமும் 54 பத்திகளும் கொண்ட அந்தத் தோல் சுருள் கிறிஸ்துவுக்கு நூறாண்டுக்கும் மேல் முந்தையது. 53ஆம் அதிகாரம் அதில் முழுமையாக இருக்கிறது. எபிரேயத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அந்த அதிகாரத்தை வாசித்து விளக்கும்போது, நாம் பல ஆண்டுகளாகப் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் மட்டும் கேட்டுப் பழகிய வசனங்கள், முதலில் ஒரு குறிப்பிட்ட மக்களை நோக்கி, அவர்களுடைய துயரத்துக்கு நடுவே சொல்லப்பட்டவை என்பது தெளிவாகப் புரிகிறது.

ஆனால் இதே அதிகாரத்தைப் பற்றி இவர்கள் முன்வைக்கும் ஒரு வாதத்தை ஏற்க முடியவில்லை. ஏசாயா 53ஐத் ‘தடைசெய்யப்பட்ட அதிகாரம்’ என்று அழைத்து, யூதரின் ஜெப ஆலய வாசிப்பிலிருந்து அவர்களுடைய மத ஆசிரியர்களான ரபிகள் அதை ஒதுக்கி வைத்தார்கள் என்று சொல்லும் வழக்கம் இவ்வகை ஊழியங்களில் பரவியிருக்கிறது. இவர்களுடைய எழுத்திலும் அது இடம்பெறுகிறது. ஆண்டுதோறும் ஓய்வுநாள்களில் வாசிக்கப்படும் தீர்க்கதரிசனப் பகுதிகளில் ஒரு வாரம் 52ஆம் அதிகாரத்தின் 12ஆம் வசனத்தோடு நிற்கிறது என்பதும், அடுத்த வாரப் பகுதி 54ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது என்பதும் உண்மையே. அதே வேளையில், தீர்க்கதரிசிகளின் நூல்களில் பெரும்பகுதி அந்த வாசிப்பு வரிசையில் வருவதில்லை என்பதும், 54ஆம் அதிகாரம் ஆலயத்தின் அழிவை நினைத்துத் துக்கங்கொண்டாடிய நாளுக்குப் பின்வரும் ஏழு ஆறுதல் வாரங்களுக்கு உரியதாகத் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். 11ஆம் நூற்றாண்டின் மாபெரும் உரையாசிரியரான ராஷி இந்த அதிகாரத்துக்கு வரிவரியாக உரை எழுதி, துன்புறும் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்று விளக்கியிருக்கிறார். தடைசெய்த ஒன்றுக்கு யாரும் உரை எழுதுவதில்லை.

ராஷியின் விளக்கத்துக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது; அதே ஏசாயாவின் 49ஆம் அதிகாரம் தாசனை இஸ்ரவேல் என்று பெயர் சொல்லியே அழைக்கிறது. ஆனால் அங்கேயே அடுத்தடுத்த வசனங்களில் அந்தத் தாசன் யாக்கோபின் கோத்திரங்களை எழுப்பவும் இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவரவும் அனுப்பப்படுகிறான். ஜனமாகவும், அதே ஜனத்துக்காக நிற்கும் ஒருவனாகவும் அவன் தோன்றுகிறான் என்கிற இந்த இடத்தில்தான் கிறிஸ்தவ வாசிப்பின் உண்மையான வலிமை இருக்கிறது. பழைய யூத மரபிலேயே இதற்கான தடங்கள் உள்ளன. யோனத்தானின் பேரில் வழங்கும் அரமேயப் பெயர்ப்பு 52ஆம் அதிகாரத்தின் தாசனை மேசியா என்று குறிப்பிடுகிறது, பாடுகளை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதின் சன்ஹெட்ரின் பகுதியில் மேசியாவின் பெயரைப் பற்றிய உரையாடலில் 53ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனம் எடுத்தாளப்படுகிறது. இவ்வளவு நல்ல சான்றுகள் கையில் இருக்கும்போது, ஒளித்துவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு என்ன தேவை? அந்தக் குற்றச்சாட்டு யூத வாசகரைத் தற்காத்துக்கொள்ளத் தூண்டும். கிறிஸ்தவ வாசகருக்கோ ரபிகள் மீது பழைய அவநம்பிக்கையை வளர்க்கும். ஐரோப்பாவின் நூற்றாண்டுகளை அறிந்த எவரும் அந்த அவநம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மறக்கக் கூடாது.

மற்றத் தீர்க்கதரிசனங்களைப் பற்றிய பாடங்கள் பொதுவாக நன்றாகவே இருக்கின்றன. மேசியா சங்கரிக்கப்பட்ட பிறகு நகரமும் பரிசுத்த ஸ்தலமும் அழிக்கப்படும் என்னும் தானியேல் 9ஆம் அதிகாரத்தின் வரிசையிலிருந்து, கி.பி. 70இல் தீத்துவின் படை எருசலேமை அழிப்பதற்கு முன்பே மேசியா வந்திருக்க வேண்டும் என்று நிறுவும் வாதம் எளிமையும் உறுதியும் உடையது. மீகாவின் பெத்லெகேமும் சகரியாவின் கழுதைக்குட்டியும் தேவையான அளவில் வருகின்றன. இவ்வகைப் போதனையில் பொதுவாக ஒரு குறை உண்டு: வரப்போவதை நேரடியாகச் சொல்லும் முன்னறிவிப்பையும், பழைய நிகழ்வு ஒன்று பின்வருவதற்குச் சாயலாக அமையும் முன்னடையாளத்தையும் பிரிக்காமல் ஒரே பட்டியலில் அடுக்கி, எண்ணிக்கையைக் காட்டி வியக்கவைப்பது. எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன் என்று ஓசியா 11இல் வருவது கடந்துபோன விடுதலைப் பயணத்தை நினைவுகூரும் வாக்கு. இஸ்ரவேலின் சரித்திரத்தை இயேசு தம்மில் மறுபடி வாழ்ந்து நிறைவேற்றினார் என்று மத்தேயு அதைக் காண்கிறார். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தால் இளைஞர்கள் கல்லூரியில் எதிர்க்கேள்வியைச் சந்திக்கும்போது தடுமாற மாட்டார்கள். வேதபாட ஆசிரியர் இதைத் தாமே சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

இந்த ஊழியத்தை மற்றவற்றிலிருந்து தனித்துக் காட்டுவது அதன் இரண்டாவது பணிதான். இஸ்ரேலில் எபிரேயப் பள்ளிகளும் அரபுப் பள்ளிகளும் பெரும்பாலும் தனித்தனியே இயங்குகின்றன; பதினெட்டு வயதில் பெரும்பாலான யூத இளைஞர்கள் கட்டாய இராணுவப் பணிக்குப் போகிறார்கள், அரபுக் கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே நாட்டில் பிறந்தும் ஒருவரையொருவர் அறியாமலே முதுமையடைந்துவிடக்கூடிய இந்த அமைப்பில், இரு சமூகத்தாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஏசாயாவையும் எபேசியருக்கு எழுதிய நிருபத்தையும் படிப்பது சிறிய காரியம் அல்ல. விசுவாசத்துக்கு வந்த யூதருக்கு வேறொரு சுமையும் உண்டு. இயேசுவை மேசியாவாக ஏற்ற யூதர், இஸ்ரேலில் குடியேற யூதருக்கு உரிமை தரும் நாடு திரும்புவோருக்கான சட்டத்தின் கீழ் யூதராகக் கருதப்படமாட்டார் என்று இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. குடும்பம் விலக்கிய கதைகளை அவர்களுடைய சாட்சிக் காணொளிகளில் அடிக்கடி கேட்கிறோம். அரபுக் கிறிஸ்தவரும், மக்கள்தொகையில் சுமார் 2 விழுக்காடே இருக்கும் கிறிஸ்தவச் சிறுபான்மைக்குள் அடங்குகிறவர்கள். இரண்டு சிறுபான்மையினர் ஒருவருக்கொருவர் சகோதரராக நிற்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

சாட்சிகளின் வடிவம் எளிமையானது. வெண்ணிறப் பின்னணியில் ஒருவர் உட்கார்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்து, தாம் மேசியாவைச் சந்தித்த விதத்தைச் சில நிமிடங்களில் சொல்கிறார். மிகைப்படுத்தும் இசையோ ஆவேசக் கூச்சலோ இருப்பதில்லை. முன்னாளில் யூதரை வெறுத்த அரபியர் ஒருவரும், அரபியரை அஞ்சிய யூதர் ஒருவரும் தனித்தனியே பேசினாலும், இருவர் வார்த்தைகளும் எபேசியர் இரண்டாம் அதிகாரம் சொல்லும், யூதருக்கும் புறஜாதியாருக்கும் இடையே இருந்து தகர்க்கப்பட்ட நடுச்சுவரிலேயே வந்து சேர்கின்றன. அந்தச் சுவருக்கு ஒரு வரலாறு உண்டு. எருசலேம் ஆலயத்தின் உட்பிராகாரத்துக்குள் புறஜாதியார் நுழைந்தால் தம் மரணத்துக்குத் தாமே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டிய எச்சரிக்கைக் கல் ஒன்று 1871இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. பவுல் கைதுசெய்யப்பட்டதே, எபேசியனாகிய துரோப்பீமுவை அந்த எல்லைக்கு உள்ளே அழைத்துச்சென்றான் என்ற சந்தேகத்தினால்தான். அந்தப் பவுலின் பெயரால் எபேசியருக்கு வந்த நிருபத்தை யூதரும் அரபியரும் சேர்ந்து வாசிப்பதைவிடப் பொருத்தமான விளக்கவுரை இருக்க முடியாது.

எனினும், ஒற்றுமை என்று இவர்கள் காட்டுவதன் எல்லையையும் கவனிக்க வேண்டும். நான் பார்த்த அளவில், இது பெரும்பாலும் சுவிசேஷப் போக்குடைய விசுவாசிகளுக்குள் நிகழும் ஒற்றுமை. அந்த மண்ணின் அரபுக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், மெல்கைட் கத்தோலிக்கம் முதலான தொன்மையான சபைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய குரல் அரிதாகவே ஒலிக்கிறது. நிலம், வீடு, இஸ்ரேல் நாடு உருவான 1948இன் நினைவுகள், போர் ஆகியவற்றைப் பற்றி அரபுச் சகோதரர் மனதில் இருக்கும் வேதனைக்கு ஒரு சாட்சிக் காணொளியின் சில நிமிடங்கள் போதாது. இங்கே வேறு இரு முயற்சிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1990இல் சலீம் முனாயர் நிறுவிய ‘முசாலஹா’ அமைப்பு, இரு தரப்பாரையும் பாலைவனப் பயணங்களில் ஒன்றாக அழைத்துச்சென்று, குறைகளை வெளிப்படையாகப் பேசும் கட்டத்தை ஒப்புரவின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது. 2016இல் சைப்ரஸின் லார்னகாவில் மேசியானிய யூதர் எனப்படும், இயேசுவை மேசியாவாக ஏற்ற யூதரின் தலைவர்களும் பாலஸ்தீனக் கிறிஸ்தவத் தலைவர்களும் கூடி வெளியிட்ட அறிக்கை, ஒத்துப்போகும் இடங்களை மட்டுமல்லாமல் ஒத்துப்போகாத இடங்களையும் எழுத்தில் பதித்தது. ‘ஒன் ஃபார் இஸ்ரேல்’ அந்த அளவு வெளிப்படையாக இருந்தால், அதன் சாட்சி இன்னும் ஆழப்படும். தீர்க்கதரிசனப் பகுதியிலேயே அதற்கு வழி இருக்கிறது: ஏசாயா 19ஆம் அதிகாரத்தின் முடிவில் எகிப்தும் அசீரியாவும் இஸ்ரவேலும் மூன்றாகச் சேர்ந்து பூமியின் நடுவில் ஆசீர்வாதமாக இருக்கும் என்ற வாக்கு வருகிறது. 53ஆம் அதிகாரத்துக்குக் கொடுக்கும் உழைப்பில் ஒரு பங்கை இதற்கும் கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தமிழ் வாசகர்களில் யாருக்கு இது பயன்படும்? அரசு மானியத்தோடும் சொந்தச் செலவிலும் எருசலேம் புனிதப் பயணம் போகும் நம்மவர்கள் பலர், கற்களையும் கல்லறையையும் பார்த்துத் திரும்புகிறார்களேயன்றி, அங்கே இன்று வாழும் விசுவாசிகளை அறியாமலே வருகிறார்கள். பயணத்துக்கு முன் அவர்கள் யூத சாட்சி ஒன்றையும் அரபு சாட்சி ஒன்றையும் பார்ப்பது மிகுந்த பலன் தரும். வாலிபர் கூட்டத்துக்கும் மூத்தோர் வேதபாடத்துக்கும் ஏசாயா பாடங்களைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். இஸ்ரேல் அரசின் ஒவ்வொரு செயலையும் தீர்க்கதரிசனக் கடிகாரமாகப் படிக்கப் பழகிய குழுவாக இருந்தால், அரபுச் சகோதரரின் சாட்சியை முதலில் காட்டி, அதன் பிறகு 53ஆம் அதிகாரத்துக்குப் போவது நல்லது. ஜெப ஆலய வாசிப்பைப் பற்றிய பகுதி வரும் இடத்தில் காணொளியைச் சற்று நிறுத்தி, ராஷி எழுதியது என்ன என்பதை நியாயமாகச் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும்.