ஓ.எம்.ஆர்., சொந்த ஊர், அமெரிக்கா: மென்பொருளாளருக்கு மிஞ்சும் மாலைப்பொழுது

சென்னையில் ஐந்தாறு ஆண்டு அனுபவம் பெற்ற மென்பொருளாளர் முன் இன்று பெரும்பாலும் மூன்று வழிகள் உள்ளன: ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) அலுவலகங்களிலேயே தொடர்வது, சொந்த ஊருக்குத் திரும்பி அங்கிருந்து பணிபுரிவது, எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்கா செல்வது. இவற்றைச் சம்பளத்தை வைத்தே ஒப்பிடுவது வழக்கம். வேலை போக எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது, அந்த நேரம் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொழில் கற்பதற்கு ஓ.எம்.ஆருக்கு நிகரில்லை. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பின் சிறுசேரி வரை நிறுவனங்கள் பெருகிவிட்டதால், வேலை மாறினாலும் வீடு மாற வேண்டியதில்லை. அதைவிடப் பெரிது, அருகில் மூத்தவர்கள் இருப்பது. ஒரு குவெரி (தரவுத்தளத்தில் தகவல் கேட்கும் கட்டளை) ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தெரியாமல் தவிக்கும்போது, அவர்களில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அது இயங்கும் படிகளைக் காட்டும் எக்ஸிக்யூஷன் பிளானைத் திறந்து, தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் பயன்படாமல் முழு டேபிளும் படிக்கப்படும் இடத்தைச் சுட்டிக்காட்டும் பத்து நிமிடம், பல வாரப் படிப்புக்கு ஈடாகும்.

ஆனால் அங்கே மாலைப்பொழுது வாடிக்கையாளரின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. நியூயார்க்கில் காலை 9 மணிக்கு வைக்கப்படும் ஸ்டாண்டப் (குழுவின் அன்றாடச் சிறு கூட்டம்), கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் 7.30. கலிஃபோர்னியா என்றால் இரவு 9.30, பிறகு 10.30. குழந்தையைப் படிக்க வைப்பது, நடைப்பயிற்சி, இரவு உணவு எல்லாமே இதன்படி நகர்கின்றன. போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

சொந்த ஊர் என்பதற்குள் இரண்டு வேறுபட்ட வாழ்க்கைகள் அடங்கியுள்ளன. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கிவரும் ஸோஹோ போன்ற அலுவலகத்தில் சேர்ந்தால், குழுவும் பி.எஃபும் மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இரவு ரயில் பிடிக்க வேண்டியதில்லை. வீட்டில் அமர்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒப்பந்த முறையில் வேலை செய்தால், பி.எஃப். இல்லை, காப்பீட்டை நாமே எடுக்க வேண்டும், நாம் எழுதும் நிரலைத் திருத்தக் கூட ஆளிருப்பது அரிது. மேலும் அதே அமெரிக்கக் கடிகாரம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். இந்த இரண்டாம் வகையைத் தேர்ந்துவிட்டு ஊர் நிம்மதியை எதிர்பார்ப்பது பெரிய ஏமாற்றத்தில் முடியும்.

அமெரிக்காவில் நேர வேறுபாட்டுத் தொல்லை பெருமளவு நீங்கும், வருமானமும் கூடும். ஆனால் ஆண்டுக்கு 85,000 என்ற பொது வரம்புக்குள் விசா கிடைப்பதே அரிது; 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படுவோருக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணமும் அறிவிக்கப்பட்டது. விசா பொதுவாக ஆறு ஆண்டுக்கு மட்டுமே. நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்கு நாடுவாரி 7 விழுக்காட்டு வரம்பு இருப்பதால் இந்தியர்களின் காத்திருப்பு மிக நீண்டது. இடையில் வேலை போனால், அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு நிறுவனம் கிடைக்க வேண்டும் அல்லது வேறு வகை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான். ஓய்வு நேரம் இருந்தும் மனம் ஓய்வெடுக்காத நிலை இது.

என் தேர்வு இதுதான்: முதல் ஐந்தாண்டு சென்னை, அதன்பின் சொந்த மாவட்டத்தில் குழுவோடு இயங்கும் அலுவலகம். சம்பளம் ஓரளவு குறைந்தாலும், வீட்டு வாடகைச் செலவு மிச்சமாவதால் இழப்பு பலர் அஞ்சும் அளவுக்கு இராது. அமெரிக்காவைச் சேமிப்புக்காகவோ குறிப்பிட்ட துறை அனுபவத்துக்காகவோ, திரும்பும் ஆண்டை முன்பே முடிவு செய்துகொண்டு நாடலாம். எதுவாயினும், ஆஃபர் லெட்டரை ஏற்கும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறுவது அவசியம்: வாடிக்கையாளர் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறார், ஆன்-கால் முறை (வேலை நேரத்துக்குப் பிறகும் அழைப்புக்குத் தயாராக இருப்பது) எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், என் நிரலை யார் ரிவியூ செய்வார்.