எல்.எஸ். பெல்ட் வாங்கலாமா? இடுப்பு வலிக்காரர்களுக்கு ஒரு மதிப்புரை

எல்.எஸ். பெல்ட், அதாவது கீழ்முதுகையும் இடுப்பையும் சுற்றிக் கட்டும் லம்போ-சேக்ரல் பெல்ட், இடுப்பு வலியைக் குணப்படுத்தாது. வலி கூடியிருக்கும் நாளில் தள்ளிப்போட முடியாத ஒரு வேலையை முடிக்க உதவும். அந்த அளவுக்கு நல்ல பொருள்தான், கொடுக்கிற காசுக்குத் தகும். காலையில் குளித்ததும் கட்டி இரவு படுக்கும்போது கழற்றலாம் என்ற எண்ணத்தில் வாங்குவதானால் வேண்டாம். தனிக் காரணம் எதுவும் பிடிபடாமல் மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்குப் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அறுவைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்தது வேறு கணக்கு. அங்கே அவர் சொல்கிற நேரம்தான்.

சென்னையில் ஓரளவு பெரிய மெடிக்கல் ஷாப் எதிலும் கிடைக்கும். டைனர், விஸ்கோ என்று பிராண்டு பல இருந்தாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்: இழுபடும் அகலமான பட்டை, முதுகுப் பக்கம் உறைக்குள் செருகிய தகடுகள், முன்னால் ஒட்டும் வெல்க்ரோ, இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டுகிற துணைப் பட்டைகள். வயிற்றைச் சுற்றி ஓர் அழுத்தம் கிடைக்கிறது. குனியப் போனால் தகடு முதுகில் அழுத்தி எச்சரிக்கிறது. முதுகெலும்பை அசையாமல் பூட்டிவிடும் என்று நம்ப வேண்டாம். துணைப் பட்டை இல்லாத மலிவு வகையை ஒதுக்கிவிடலாம். இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் வழியில்லை, உட்கார்ந்து எழுந்ததும் மேலே ஏறிவிடும்.

பலரும் சறுக்குவது சைஸில்தான். பேன்ட் சைஸைச் சொல்லி வாங்கக் கூடாது. பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது, பெல்ட் தொப்பையையும் சேர்த்துச் சுற்றுகிறது. நிமிர்ந்து நின்று, மூச்சை இயல்பாக விட்டு, தொப்புள் மட்டத்தில் தையல் டேப்பால் அளந்து, அந்த சென்டிமீட்டரைப் பெட்டியில் அச்சிட்ட அட்டவணையோடு பாருங்கள். ஒரு பிராண்டில் எல் சைஸ் இன்னொன்றில் எம் ஆக இருக்கலாம். பெரிதாக எடுத்தால் துணைப் பட்டையைக் கடைசி வரை இழுத்தாலும் இறுக்கம் வராது. சிறிதானால் வெல்க்ரோவின் நுனி மட்டும் ஒட்டி, இருமினாலே பிரியும். உயரம் குறைந்தவர்களுக்குப் பின்பக்க உயரமும் முக்கியம். நிற்கும்போது சரியாக இருக்கிற பெல்ட், உட்கார்ந்ததும் விலா எலும்பில் குத்தும். ஆகவே கடையிலேயே கட்டிப் பார்த்து, ஸ்டூலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். உடம்பில் பட்ட பெல்ட்டைப் பல கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

கட்டும் முறைக்கு வருவோம். பேன்ட் பெல்ட் நிற்கிற இடத்துக்கு மேலே, இடுப்பின் ஒடுக்கத்தில் மட்டும் கட்டினால் பயனில்லை. பின்பக்கக் கீழ் விளிம்பு பிட்டம் தொடங்கும் இடத்தை மூட வேண்டும். நடுத் தகடுகள் இரண்டும் முதுகெலும்பின் இரு பக்கமும் விழ வேண்டும். எலும்பின் மேலேயே உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் அந்த இடம் சிவந்துவிடும். வயிற்றை லேசாக உள்ளிழுத்து முதலில் பெரிய பட்டையை ஒட்டுங்கள். பிறகு இரண்டு துணைப் பட்டைகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு முன்னுக்கு இழுத்து ஒட்டுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தால் பெல்ட் ஒரு பக்கம் திரும்பும். கட்டிய பிறகு உள்ளங்கை தட்டையாக உள்ளே போக வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போனாலோ எரிந்தாலோ இடுப்பு ஓரத்தில் நரம்பு அழுந்துகிறது, உடனே தளர்த்துங்கள். உட்காரும்போதும் துணைப் பட்டைகளை மட்டும் தளர்த்திக்கொள்வது நல்லது. சாப்பிட்டதும் கட்டினால் நெஞ்செரிச்சல் கூடும். குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கட்டவே கூடாது.

சென்னை வெயில் இந்தப் பொருளுக்குப் பெரிய சோதனை. ரப்பர் போன்ற நியோபிரீன் வகை இங்கே சரிப்படாது. ஏப்ரல், மே மாதங்களில் வேர்க்குருவும் படையும் நிச்சயம். காற்றோட்டமுள்ள வலைத்துணி வகையை எடுத்து, உள்ளே பருத்தி பனியன் போட்டுக் கட்டுங்கள். துவைக்கும் முன் தகடுகளை உருவி, வளைவு எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெல்க்ரோவை மூடிவிட்டு மிதமான சோப்பு நீரில் கையால் அலசி, பிழியாமல் நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் தொய்யும். வெல்க்ரோவில் சிக்கிய நூலை, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிட்டால் மீண்டும் நன்றாக ஒட்டும்.

எவ்வளவு நேரம்? வேலைக்கு ஏற்ப ஒரு மணி, இரண்டு மணி போதும். ஸ்பீடு பிரேக்கர் நிறைந்த சாலையில் டூ வீலர் பயணம், நின்றுகொண்டே செய்கிற நீண்ட சமையல், வீடு மாற்றும் நாள்: இவற்றுக்குக் கட்டலாம். தூங்கும்போது வேண்டாம். பெல்ட் கட்டியிருக்கிற தைரியத்தில் தண்ணீர் கேனைத் தூக்காதீர்கள். 20 லிட்டர் கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதைத் தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்க்கும்போது குனிவதும் திரும்புவதும் ஒன்றாக நடக்கிறது. கேனை மேசை உயரத்தில் வைக்கச் சொல்லி, மேலே பம்ப் மாட்டிக்கொள்ளுங்கள்.

சிறுநீர் வராமல் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும்போது தரையில் படும் உடல் பகுதி மரத்துப் போனாலோ, கால் வலுவிழந்தாலோ பெல்ட்டைத் தேட வேண்டாம்; அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் பெல்ட்டோடு நிறுத்தாமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் பயிற்சி கற்றுக்கொள்ள வேண்டும். தனியார் கட்டணம் கட்டுப்படி ஆகாதவர்களுக்கு அரசு மருத்துவமனைப் பிசியோதெரபி பிரிவுகள் இருக்கின்றன, கே.கே. நகரில் இதற்கென்றே அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது. பயிற்சி செய்யும்போது பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பழைய எம்.ஆர்.ஐ. அறிக்கை இருந்தால் எடுத்துப் போங்கள், பெல்ட்டையும் கூடவே கொண்டுபோய் அங்கேயே ஒருமுறை கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.