ஊட்டி சேரிங்கிராஸ் பக்கத்து பிரெஞ்சு டியூஷன்: ஐந்துக்கு மூன்றரை மார்க்

எனக்கு ஊர் கூடலூர், வேலை நர்ஸ். அக்கா கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், மாங்டனில் இருக்கிறாள். நானும் அங்கே போகப் பார்க்கிறேன். அந்த மாகாணத்தில் 1969 முதல் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் ஆட்சிமொழி. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிரெஞ்சு தாய்மொழி. ஆஸ்பத்திரியில் யார் வந்தாலும் 'ஹலோ, போன்ஜூர்' என்று இரண்டையும் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம்.

அதனால் சனிக்கிழமைதோறும் நடுவட்டம் வழியாக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் ஊட்டிக்குப் போய்ப் படித்தேன். மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாய்.

சார் புதுச்சேரிக்காரர். உச்சரிப்பு சொல்லித் தருவதில் அவரை அடிக்க ஆளில்லை. பிரெஞ்சின் மூக்கொலி எனக்கு வரவே இல்லை. "'வந்தான்' என்று வேகமாகச் சொல்லும்மா, கடைசி 'ன்' மூக்கில் கரைகிறதா? அதேதான்" என்றார். அன்றைக்கே வந்துவிட்டது. இத்தனை வருடமாக மூக்கால் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்!

குறை என்னவென்றால், பாடம் முழுக்கப் பாரிஸ். 'தேழுனே' என்றால் மதியச் சாப்பாடு என்று எழுதிப் போட்டார். அக்கா ஊரில் அது காலைச் சாப்பாடு. வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரையை எப்போது கொடுப்பது என்று இதை நம்பிச் சொல்ல முடியுமா?

அப்புறம் அங்கே ஷியாக் என்று ஒரு கலப்புப் பேச்சு உண்டு. வண்டியை நிறுத்தினேன் என்பதற்கு 'ஜே பார்க்கே மோன் ஷார்' என்பார்களாம். ஆங்கிலப் 'பார்க்'குக்குப் பிரெஞ்சு வால். நாம் 'பார்க் பண்ணினேன்' என்பது போலத்தான். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் சுல்தான் பத்தேரி வண்டிக்காரரிடம் பாதித் தமிழ் பாதி மலையாளமாகப் பேசி வளர்ந்த எனக்கு அது வேற்றுமொழியாகவே படவில்லை. அதையும் கொஞ்சம் நடத்துங்கள் சார் என்று கேட்டேன். "பரீட்சையில் எழுதினால் மார்க் போகும்" என்று முடித்துவிட்டார்.

பரீட்சைக்குப் படிப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். மழையில் மண் சரிந்து பஸ் ஓடாமல் நான் தவறவிட்ட இரண்டு வகுப்பைத் திரும்ப நடத்தித் தரவில்லை. ஜெராக்ஸுக்கும் தனியாகக் காசு வாங்கினார்கள். இரண்டையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.